ஒரு மாதம் தள்ளிச் சொன்ன தேதி

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை மறைத்துப் பிரயோசனமில்லை. என் மோட்டார் சைக்கிளில் ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்கே தெரிந்துவிடும். செனாயில் என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் விடிவதற்கு முன்னே சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது வீட்டில் ஏதாவது ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன், போகவில்லை. வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஒரு மின்னணுத் தொழிற்சாலையிலேயே இருந்துவிட்டேன். பன்னிரண்டு நிமிடத் தூரமும் சில சமயம் போதாது என்பது அப்போது தெரியாது.

எங்கள் தொழிற்சாலையில் நாங்கள் வேலை செய்யும் அறைக்குள் தூசி போகக்கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, கண் மட்டும்தான் வெளியே தெரியும். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். என் மனைவி முதல்முறை உண்டாகி ஏழாவது மாதத்தில் இருந்தபோது, ஒரு நாள் தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்து லாக்கரைத் திறந்தேன். பதினேழு அழைப்புகள். பதினாறு அவளுடையவை. கடைசி ஒன்று தெரியாத எண். அது அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன வாடகைக்கார் ஓட்டுநருடையது. யாரோ ஒருவர், முகம்கூட எனக்குத் தெரியாத ஒரு மனிதர், அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் விட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அது ஆண் பிள்ளை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஊரையே கூட்டி வளைகாப்பு வைத்திருந்தோம். மண்டபம், மேளம், ஏழு வகைச் சாதம், போதாக்குறைக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். படங்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் போயின. மூன்று வாரம் கழித்து அப்படி ஆனதும், கல்லடி பட்டாலும் படலாம் கண்ணடி படக்கூடாது என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். வளைகாப்பில் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களும் அதையே சொன்னார்கள். அந்தச் சொல் என் மனைவி மனசில் ஆணி அடித்தமாதிரி இறங்கிவிட்டது. எனக்கும்தான்.

எங்கள் பிரிவுக்குச் சூப்பர்வைசர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். அவரை எல்லாரும் காக் என்போம், மலாயில் அக்கா. வாய் கொஞ்சம் பெரிது, வேலையில் கறார். நான் வேலைக்குத் திரும்பிய வாரம் அவருடைய மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டியிருந்தார். யாருடைய மனைவிக்குக் கடைசி மாதமோ அவர் பெயரைச் சிவப்பு மையில் அதில் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் தேதியும் போடுவார். பெயர் உள்ளவர் கைப்பேசியை லாக்கரில் வைக்க வேண்டியதில்லை. காக் மேசையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதில் வைத்துவிட்டுப் போகலாம். அடித்தால் அவரே எடுப்பார். மேலிடத்தில் சண்டை போட்டு அனுமதி வாங்கினாராம். அந்தப் பலகை எதற்காக வந்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு புதுச்சட்டம் வந்தது. கேன்டீன் சுவரில் மலாயில் ஒட்டியிருந்தார்கள்: மனைவிக்குப் பிரசவம் ஆனால் தகப்பனுக்கும் சம்பளத்தோடு தொடர்ந்து ஏழு நாள் விடுமுறை, முப்பது நாளுக்கு முன்னால் தெரிவிக்க வேண்டும். சோற்றுத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு முறை படித்தேன். முன்பு எனக்குக் கிடைத்தது இரண்டு நாள், அதையும் ஆண்டு விடுமுறையில் கழித்துக்கொண்டார்கள். இந்த ஏழு நாள் அப்போது இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த அந்த வாரத்தில் நான் கூட இருந்திருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து அவள் மறுபடியும் உண்டானாள். இம்முறை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை ஆரம்பமானது. வளைகாப்பு இல்லை, படம் இல்லை, பிள்ளைக்கு ஒரு சட்டைகூட வாங்கவில்லை. அவள் ஒரு பாலர்பள்ளியில் உதவியாளராக இருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அளவு பெரிய சுடிதாருக்குள் ஒளிந்துகொள்வாள். அவளுக்குத் தாய் இல்லை. சிகாமட்டில் இருக்கும் அக்காதான் எல்லாம். பிரசவத்துக்கு அக்கா வந்து ஒரு மாதம் இருப்பதாக ஏற்பாடு. கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகத்தில் பொங்கல் முடிந்து நாலாம் நாள் என்று தேதி குறித்திருந்தார்கள். அந்தத் தேதி எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியில் விடுமுறைக்கு எழுதிக் கொடுக்கும் பாரத்தை வாங்கி வந்தேன். எதிர்பார்க்கும் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அக்காவுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

"தம்பி, ஒரு மாசம் தள்ளி எழுதுங்க. பாக்குறவங்க எல்லாம் தப்பான நாளையே எண்ணிக்கிட்டு இருக்கட்டும். அவங்க திரும்பிப் பாக்குறப்ப புள்ள தொட்டில்ல கிடக்கணும்."

எங்கள் ஆட்களில் இப்படிச் சொல்வது புதிதில்லை. கேட்கிறவர்களுக்கு எந்தக் குடும்பமும் சரியான தேதியைச் சொல்வதில்லை. ஆனால் அது வாயால் சொல்லும் பொய். இது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள். நான் தயங்கியதைப் பார்த்து என் மனைவி, "எழுதுங்க லா, பேப்பர்தானே," என்றாள். குரலும் அந்த 'லா'வும்தான் விளையாட்டு. கை வயிற்றின்மேல் இருந்தது. எழுதினேன். பொங்கலுக்கு ஒரு மாதம் கழித்து, சீனப் பெருநாளும் தாண்டி ஒரு தேதி.

காக் பாரத்தைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். சீனப் பெருநாளுக்குப் பாதி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், நீ இருக்கிறாய், பெருநாள் முடிந்ததும் உன் ஏழு நாளை எடுத்துக்கொள், அல்லா காப்பாற்றுவார் என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போதுதான் மண்டையில் உறைத்தது. கடைசி மாதத்தில்தான் பலகையில் பெயர். கம்பெனிக் கணக்கில் என் மனைவிக்குக் கடைசி மாதம் பொங்கல் முடிந்து நாலாம் நாள்தான் தொடங்கும். நிஜமான கடைசி மாதம் முழுக்க, பிள்ளை எந்த நிமிடமும் வரலாம் என்ற அந்த மாதம் முழுக்க, என் கைப்பேசி லாக்கருக்குள் பூட்டிக் கிடக்கும்.

எனக்காக மாட்டிய பலகை. அதிலிருந்து நானே என் பெயரை அழித்துவிட்டேன்.

அன்றே வீட்டில் சொன்னேன். தேதியை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். என் மனைவி சமைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். ஒருமுறை மறைத்ததைப் பாதியில் வெளியே சொன்னால் மறைக்காமலே இருந்ததைவிடக் கெடுதல் என்று அக்கா சொல்லியிருக்கிறாராம். எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பயப்படுகிறவளிடம் சாத்திரம் கேட்பது நியாயமில்லை, அதுவும் நானே பயப்படும்போது. தேதியைச் சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம்.

மார்கழி மாதம் மழை. செனாய் விமான நிலையத்தில் இறங்குகிற விமானங்களின் சத்தம் மட்டும் மேகத்துக்குள் கேட்கும், விமானம் கண்ணுக்குத் தெரியாது. நான் மணிக்கொருதரம் கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அங்கியைக் கழற்றி, லாக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போவேன். ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்பும்போது அந்தப் பதினேழு கண்ணுக்குள் வரும். ஒரு வாரம் ஆனதும் காக் கூப்பிட்டு, உனக்கு வயிறு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையிலிருந்து கரி மாத்திரை ஒரு அட்டை எடுத்துக் கொடுத்து, என் கண் முன்னாலேயே போடு என்றார். அந்த மாதம் நான் விழுங்கிய கரி ஒரு அடுப்புக்குக் காணும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது ஒரே ஒரு தேதி.

பாலர்பள்ளி ஆண்டிறுதி விடுமுறைக்கு மூடியதிலிருந்து என் மனைவி வீட்டில்தான் இருந்தாள். ஜனவரியில் பள்ளி திறந்தபோதும் போகவில்லை. தலைமையாசிரியை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் என்றாள். எப்படி என்று நான் துருவிக் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முந்திய நாள் அக்காவின் அழைப்பு. சிகாமட்டில் ஆறு ஏறிவிட்டது. அவர்கள் வீட்டுக்குள் இன்னும் தண்ணீர் வரவில்லை, ஆனால் சாலையை மூடிவிட்டார்கள், எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. அக்கா அழுதார். என் மனைவி அவருக்குத் தைரியம் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இனி நான் ஒருவன்தான் என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் எழுந்தபோது இடுப்பு லேசாக வலிக்கிறது என்றாள். அது வழக்கமான வலிதான், நீங்கள் போங்கள் என்றாள். என் ஆண்டு விடுமுறை எல்லாம் கிளினிக்குக்குக் கூட்டிப்போனதிலேயே தீர்ந்திருந்தது. பிள்ளை பிறந்தால்தான் ஏழு நாள் கிடைக்கும். பிறப்பதற்கு முந்திய காலைப் பொழுதுக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கிளம்பினேன்.

லாக்கர் முன்னால் நின்றேன். கைப்பேசியை உள்ளே வைத்தேன். கதவை மூடினேன். சாவியைத் திருப்ப முடியவில்லை. நிஜமாகவே விரல் வரவில்லை. பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு நேரே காக் மேசைக்குப் போனேன். பாரத்தில் எழுதியது பொய், என் மனைவிக்கு இன்னும் மூன்றே நாள்தான், இன்றைக்குக் காலையில் வலிக்கிறது என்றாள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

காக் நாற்காலியிலிருந்து எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. பெருநாளுக்கு முந்திய வாரங்களுக்கு ஆள் பிரித்த அட்டவணை அவர் கையில் இருந்தது. என்னால் அது முழுதும் தலைகீழாகிவிட்டது. ஆனால் அவர் கேட்டது அதைப் பற்றி இல்லை.

"இந்தப் பலகையை நான் யாருக்காக மாட்டினேன் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று மலாயில் கேட்டார்.

தெரியும் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை பேர் வேலைக்குள் நுழைகிற நேரத்தில் அழுதேன், அதையும் ஒளிக்கவில்லை. அவர் என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கித் தட்டில் வைத்தார். சிவப்பு மைப்பேனாவை எடுத்து என் பெயரை எழுதினார். தேதிக் கட்டத்துக்குப் பேனா போனதும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு எதுவும் எழுதாமலே மூடியைப் போட்டுவிட்டு, உள்ளே போய் வேலையைப் பார் என்றார்.

பத்தரை மணிக்குக் கண்ணாடித் தடுப்பில் யாரோ தட்டினார்கள். உள்ளே இயந்திரச் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் காக், மைப்பேனாவின் பின்பக்கத்தால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையில் என் கைப்பேசியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அங்கியை அவிழ்க்கும் அறைக்குப் போகாமல் அங்கியோடு வெளியே ஓடினேன். அது தப்பு, அதற்கும் ஒரு விதி இருக்கிறது. யாரும் தடுக்கவில்லை.

"என்னங்க, பனிக்குடம் உடைஞ்சிருச்சி," என்றாள் என் மனைவி. "கார் கூப்பிடல. நீங்க வந்துருவீங்கன்னு கதவுகிட்ட உக்காந்திருக்கேன்."

கதவுகிட்ட உட்கார்ந்திருக்கிறாள். என் கைப்பேசி லாக்கரில் பூட்டிக் கிடக்கும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். அப்படியிருந்தும் உட்கார்ந்திருக்கிறாள். அன்று காலையில் என் விரல் அந்தச் சாவியைத் திருப்பியிருந்தால் அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

மழையில் மோட்டார் சைக்கிளை ஓட்டி வீட்டுக்குப் போய், அவளை வீட்டு வாசலில் நின்ற எங்கள் பழைய காரில் ஏற்றி, மருத்துவமனை வாசலில் நானே கைத்தாங்கலாக இறக்கினேன். உள்ளே என்னையும் விட்டார்கள். மதியம் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்ததும் அழவில்லை. தாதி அவளைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தார். என் மனைவி என் கையை இறுக்கிக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன், அதனால்தான், பாதியில் வெளியே சொல்லிவிட்டேன் என்று என் மனசு கத்திக்கொண்டிருந்தது. பிறகு பிள்ளை அழுதது. அவ்வளவு கோபமான அழுகையை நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சிகாமட்டுச் சாலை திறக்கவில்லை. அக்கா வீடியோவில் அதட்ட அதட்ட நான் பூண்டுக் குழம்பு வைத்தேன், சுறாப்புட்டு கிளறினேன், துணி துவைத்தேன். பிள்ளை தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். விழித்திருந்தால் ஏன் இன்னும் தூங்கவில்லை என்று பயப்படுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்.

அன்று மாலை அவளிடம் மெல்லச் சொன்னேன், கம்பெனியில் சரியான தேதியைச் சொல்லிவிட்டேன் என்று. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே, தானும் பள்ளிக்கூடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். நான் வாயைப் பிளந்தேன்.

"எனக்கு லீவு வேணும்னா கிளினிக் புத்தகத்தைக் காட்டணும் லா. அதுல எப்படிப் பொய் எழுதுறது? ஆம்பளைங்ககிட்ட யாரு புத்தகத்தைக் கேக்குறா?"

பிறகு எதற்கு என்னை மட்டும் பொய் சொல்லவைத்தாய் என்று கேட்டேன். அன்றைக்கு வளைகாப்புக்கு பஸ் பிடித்து வந்தது உங்கள் கம்பெனி ஆட்கள்தானே என்றாள். அந்த மூன்று வருடமும் என் மனைவி அந்த பஸ்ஸில் வந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். நான் அவர்களோடு தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாலாம் நாள் மனிதவளப் பிரிவிலிருந்து செய்தி. பாரத்தில் ஒரு தேதி, மருத்துவமனைக் கடிதத்தில் மாதம் நிறைந்த குழந்தை என்று வேறு கணக்கு. பொய்த் தகவல் கொடுத்த காரணத்தை எழுதித் தந்தால்தான் விடுமுறையை உறுதிசெய்ய முடியும். வேலையே போய்விடும் என்று நினைத்தேன். சமையலறை மேசையில் பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். கிளினிக்கில் தப்பாகக் குறித்தார்கள் என்று எழுதி அடித்தேன். நான் மாதத்தை மாற்றிப் படித்துவிட்டேன் என்று எழுதி அடித்தேன். கண் திருஷ்டியை மலாயில் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. விளக்கினால் சிரிப்பார்கள். கடைசியில் இரண்டே வரி எழுதி அனுப்பினேன். ஒரு பிள்ளை போய்விட்டது. பயமாக இருந்தது.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், என் விடுமுறை முடிகிற நாள், ஏழு நாளும் சம்பளத்தோடு உறுதி என்று ஒரு வரி வந்தது. அன்று சாயங்காலம்தான் சாலை திறந்து, அக்கா இரண்டு பைகளோடு வந்து இறங்கினார்.

எட்டாம் நாள் வேலைக்குப் போனேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை: பிள்ளை பிறக்கிறவரைக்கும் ஒரு பயம், பிறந்த பிறகு வேறு பயம், இது அதைவிடப் பெரியது. ஏழு நாளில் அது தீரவில்லை. தீருமா என்றும் தெரியாது. லாக்கரைத் திறந்து கைப்பேசியை உள்ளே வைக்கப் போனபோது காக் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

பலகையில் என் பெயர் அப்படியே இருந்தது. தேதிக் கட்டம் காலி. குழந்தைதான் பிறந்துவிட்டதே காக், இன்னும் அழிக்கவில்லையா என்றேன். அவர் அட்டவணையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பயம் போய்விட்டதா?"

"இல்லை," என்றேன்.

"அப்படியென்றால் இருக்கட்டும்," என்று கையை நீட்டினார். நான் கைப்பேசியைக் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டித் தட்டில் வைத்துவிட்டு, நேரமாகிறது, உள்ளே போ என்றார்.